தக்கை படுத்துக் கொண்டால்...

"மீன் பிடிப்பதா? சிவ சிவா!" என்று பக்கத்தைப் புரட்டப் போகும் மாமிகளே, ஒரு நிமிஷம் பொறுங்கள். நான் சமையல் குறிப்பு எழுத வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாணலி வரும். அந்த இடத்தில் வேண்டுமானால் கண்ணை மூடிக் கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது ஓர் ஏரியையும், விரல் நீளத் தக்கை ஒன்றையும், எழுபத்து நாலு வயதான ஓர் அம்மாளின் பிடிவாதத்தையும் பற்றித்தான்.

அமெரிக்காவில், டென்னஸி மாகாணத்தின் வடமேற்கு மூலையில் ரீல்ஃபுட் என்று ஓர் ஏரி இருக்கிறது. மெம்பிஸ் நகரத்தில் குடித்தனம் செய்யும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அக்டோபர் கடைசி வாரம். "அக்கா, ஊர் சுற்றிப் பார்க்கிறேன் என்று கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம், ஏரிக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வா" என்று காரில் கொண்டு போய் ஒரு சிறு விடுதியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அந்த விடுதிக்காரிதான் நம் கதாநாயகி.

அந்த ஏரி பிறந்த விதமே ஒரு கதை. 1811 டிசம்பர் 16-ஆம் தேதி தொடங்கி, 1812 பிப்ரவரி 7 வரையில் அந்தப் பிரதேசத்தைப் பெரிய பூகம்பங்கள் உலுக்கியிருக்கின்றன. கடைசி அதிர்ச்சியின்போது மிஸிஸிபி நதியே சற்று நேரம் பின்னோக்கி ஓடியதாகப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காடு நின்ற பூமி அப்படியே அமிழ்ந்தது. தண்ணீர் வந்து நிறைந்தது. அன்று முழுகிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் நீருக்கடியில் இருக்கின்றன. கரையோரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள் இலையுதிர் காலத்தில் துருப் பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறி நிற்கின்றன. ஆழம் அதிகமில்லை, பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரம்கூட வராது. ஆனால் படகின் அடியைக் கட்டை எப்போது தட்டும் என்று சொல்ல முடியாது.

இந்தக் கட்டைகளுக்காகவே அந்த ஊரில் தனி ஜாதிப் படகு ஒன்று பிறந்தது. காலூன் என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டி வந்தார்கள். அந்தக் குடும்பத்து டேல் காலூனுக்கு 1998-ல் அமெரிக்க தேசியக் கலை நிதியம் பாரம்பரியக் கலைஞர் விருது அளித்தது. சாதாரணமாகத் துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக் கொண்டுதானே உட்காருவார்? இந்தப் படகில் துடுப்புக்கு நடுவே கீல் வைத்திருக்கிறார்கள். கையைத் தன் பக்கம் இழுத்தால் படகு முன்னால் போகும். எதிரே என்ன கட்டை இருக்கிறதென்று நேராகப் பார்த்துக் கொண்டே செலுத்தலாம்.

இந்தக் கீல்தான் நம் அம்மாளின் பிராணன். அவளுக்குக் கழுத்தில் வாதம். தலையைத் திருப்ப முடியாது. முழு உடம்போடுதான் திரும்ப வேண்டும். கணவர் இருந்தவரையில் இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவார்கள். சென்ற குளிர்காலத்தில் அவர் காலமாகிவிட்டார். அதிலிருந்து படகு கொட்டகையில் கிடக்கிறது. நாஷ்வில்லில் உத்தியோகம் பார்க்கும் மகன், "அம்மா, இந்தக் கழுத்தோடு தனியாகத் தண்ணீருக்குள் போவதாவது! ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். படகுக்கு விலை பேச ஓர் ஆளும் வருகிறார்" என்று போனில் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை இரவு காப்பிக் கோப்பையை என் முன் வைத்துக் கொண்டே, "நாளைக் காலையில் என்னோடு வருகிறாயா, கண்ணே? துடுப்பை நீ தொடவே கூடாது. வெறுமனே சாட்சிக்கு உட்கார்ந்தால் போதும்" என்றாள். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் எழுபத்து நாலு வயது அழைக்கும்போது முப்பத்தாறு வயது மாட்டேன் என்று சொல்வது எப்படி? மிதவைச் சட்டை ஒன்றை மாட்டி விட்டாள். என் பெயருக்கும் மீன் பிடிக்கும் லைசென்ஸ் வாங்கியாயிற்று. அது இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம்.

நாங்கள் தேடிப் போன மீனுக்குக் கிராப்பி என்று பெயர். வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என்று இரண்டு வகை. தட்டையான வெள்ளி உடம்பில் கறுப்பு மையைத் தெளித்தாற்போல் இருக்கும். பெரும்பாலும் அரைப் பவுண்டு, ஒரு பவுண்டு எடைதான். மிஸிஸிபி மாகாணத்து ஈனிட் நீர்த்தேக்கத்தில் 1957-ல் 5 பவுண்டு 3 அவுன்ஸில் ஒன்று அகப்பட்டதை அந்தப் பக்கத்தார் புராணம்போல் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

வசந்த காலத்தில் இந்த மீன் முட்டையிடக் கரையோரம் வரும்போது ஏரியில் திருவிழாக் கூட்டமாம். இலையுதிர் காலத்தில் அவ்வளவு கூட்டம் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அப்போதுதான் போகிறார்கள். தண்ணீர் குளிரக் குளிர, ஷாட் என்கிற பொடி மீன்கள் மேட்டுப் பக்கமாக ஒதுங்குகின்றன. குளிர்காலத்துக்கு முன்னால் வயிற்றை நிரப்பிக் கொள்ளக் கிராப்பியும் பின்னாலேயே வருகிறது. தீபாவளிக்கு முன் ஜவுளிக் கடையில் நாம் புகுந்து புறப்படுவதில்லையா, அந்த மாதிரி!

தூண்டில் சாமான்கள் ரொம்ப எளிமை. நீளக் கழி, மெல்லிய நரம்பு, ஒரு தக்கை, நுனியில் 'ஜிக்' என்ற பொய் இரை. ஈயத் தலையோடு வார்த்த முள்ளில் பறவை இறகைக் கட்டியிருக்கிறார்கள். எடை ஓர் அவுன்ஸில் 16-ல் ஒரு பங்கு. அதாவது 2 கிராம்கூட இல்லை. நம் மூக்குத்திக் கனம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். மண்புழு வேண்டாம், கை நாறாது. இதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

ஆனால் எளிமையிலும் சூட்சுமம் உண்டு. ஜிக் தலைகீழாகத் தொங்கக் கூடாது. நீந்துகிற குஞ்சு மீன்போல் படுக்கை வசமாக இருக்க வேண்டும். அதற்காக முடிச்சை வளையத்தின் உச்சிக்குத் தள்ளி வைத்தாள் அம்மாள். அப்புறம் ஆழக் கணக்கு. கிராப்பி மேலே பார்த்துச் சாப்பிடும் பிராணி. இரை அதன் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தால் எழும்பி வந்து வாங்கிக் கொள்ளும். வயிற்றுக்குக் கீழே போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. "என் கழுத்தைப் போலத்தான் அதற்கும், குனிய வராது!" என்று சிரித்தாள். தக்கையை நரம்பில் எங்கே நிறுத்துகிறோமோ அந்த ஆழத்தில் ஜிக் நிற்கும். நாம் ஆட்ட வேண்டியதில்லை. அலை தக்கையை ஆட்டும், தக்கை ஜிக்கை ஆட்டும். அக்கம்பக்கத்துப் படகுகளில் மீன் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் கருவிகள் மினுங்கின. இவளோ, கணவர் காட்டி வைத்த கட்டைகளை மனத்தில் வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள்.

முதல் கட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது இடத்தில், நிமிர்ந்து நின்ற என் தக்கை திடீரென்று அயர்ந்து போய்த் தண்ணீர்மேல் படுத்துக் கொண்டது. தக்கை முழுகினால்தான் மீன் என்று நான் பார்த்துக் கொண்டிருக்கிறேன். "இழு, இழு!" என்றாள். விஷயம் என்னவென்றால், ஜிக்கின் கனத்தால்தான் தக்கை நிமிர்ந்து நிற்கிறது. கீழிருந்து வரும் மீன் இரையைக் கவ்விக் கொண்டு மேலே எழும்பும்போது அந்தக் கனம் போய்விடுகிறது, தக்கை சாய்ந்துவிடுகிறது. நான் பலத்தோடு வெடுக்கென்று இழுத்தேன். வெறும் முள்தான் வந்தது. கிராப்பியின் வாய் காகிதத்தைப்போல் மெல்லியது. வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். ஊசியில் நூல் கோத்து இழுக்கிற அளவுக்கு இழுத்தால் போதுமாம். அடுத்ததை அப்படித்தான் இழுத்தேன். வந்தது!

கழிக்கு நடுவே அவள் ஒரு பழைய சமாசாரம் சொன்னாள். இந்த ஏரி எங்கள் சொத்து என்று ஒரு நிலக் கம்பெனி கொண்டாடியதாம். காலங்காலமாக மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் கொதித்துப் போனார்கள். 1908 அக்டோபரில், முகமூடி அணிந்த இரவுக் கும்பல் ஒன்று கம்பெனியின் இரண்டு வக்கீல்களை விடுதியிலிருந்து இழுத்துக் கொண்டு போயிற்று. ராங்கின் என்பவரைக் கொன்று விட்டார்கள். மற்றவரான வயோதிகர் டெய்லர் தண்ணீரில் பாய்ந்து, இருட்டில் தப்பித்தார். கவர்னர் படையை அனுப்பினார், வழக்கு நடந்தது, 1914-ல் ஏரி அரசாங்கத்தின் வசமாயிற்று. "கொலை பாவம்தான். ஆனால் ஏரி எல்லோருக்கும் ஆயிற்று" என்று சொல்லிவிட்டு அவள் தக்கையைப் பார்க்கத் தொடங்கினாள். அந்த 'ஆனால்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சொல்லவும் தைரியம் வரவில்லை.

பதினோரு மணிக்கு மீன் ஏழு. காற்றும் எழும்பிவிட்டது. திரும்பும் வழியில் படகு ஒரு கட்டையின்மேல் ஏறி உட்கார்ந்து கொண்டது. அசையவில்லை. சைப்ரஸ் ஊசிகள் மழைபோல் தலையில் கொட்டுகின்றன. அலை பக்கத்தில் மோதுகிறது. என் கை தன்னையறியாமல் துடுப்பின் பக்கம் போயிற்று. "தொடாதே!" என்றாள். அந்தக் குரலுக்குக் காற்றே நின்றிருக்க வேண்டும். மெல்ல எழுந்து முழு உடம்போடு திரும்பி, பின்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். கனம் மாறியதும் முன்பக்கம் தூக்கிக் கொண்டது. ஒரு துடுப்பால் கட்டையை உந்தினாள், இன்னொரு தரம் உந்தினாள். படகு வழுக்கி இறங்கியது. அப்புறம் கரை வருகிற வரையில் அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகன் வந்தான், விலை பேசுகிறவரும் வந்தார். மக்காச்சோள மாவில் புரட்டிய மீன் துண்டுகள் வாணலியில் பொரிந்து கொண்டிருந்தன. (கண்ணை மூடிக் கொள்ளுங்கள்!) "யார் பிடித்தது?" என்றான் மகன். அம்மாள் என்னைப் பார்த்தாள். "ஆறு உங்கள் அம்மா, ஒன்று நான். துடுப்பை நான் தொடவேயில்லை" என்று சாட்சி சொன்னேன். கட்டை விவகாரத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். சாட்சி என்றால் சாட்சிதானே!

அவன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டான். பிறகு கொட்டகைக்குப் போனான். வந்தவரும் கூடவே போனார். கால் மணி கழித்து வந்தவர் மட்டும் தொப்பியை எடுத்துக் கொண்டு விடைபெற்றார். ஜன்னல் வழியே பார்த்தேன். மகன் துடுப்பை மடிமேல் போட்டுக் கொண்டு கீலை அசைத்து அசைத்துப் பார்த்துக் கொண்டிருந்தான்.

"அம்மா, எண்ணெய்ப் புட்டியை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான்.