சிம்பொனி கேட்கும் முறை

சிம்பொனி என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ‘சேர்ந்து ஒலித்தல்’ என்பது அதன் பொருள். கேட்கும் முறை அறியாமல் ‘இது வெறும் இரைச்சல்’ என்று அதனை ஒதுக்கிவிடும் மாணவர் பலர். ஒதுக்குமுன் ஒருமுறை செவி கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மும்பையில், கடலோரத்து நாரிமன் முனையில் தேசிய நிகழ்கலை மையம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டில் இந்திய சிம்பொனி இசைக்குழு அங்கே தோன்றியது. அக்குழுவின் கச்சேரியை அம்மையத்தின் ஜம்ஷெத் பாபா அரங்கில் கேட்டேன். ஒலிபெருக்கி இல்லாமலே மெல்லிய குழலோசையும் கடைசி வரிசைவரை எட்டியது.

முதலில் ஓபோ என்னும் குழல் ஒரு சுருதியை ஒலித்தது. எல்லோரும் அதற்கேற்பத் தம் வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டனர். நம் தம்புரா கச்சேரி முடியும்வரை ஒலிக்கும். அங்கோ அச்சுருதி தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆதலால் ஒரே உருப்படிக்குள் ஆதார சுருதியையே மாற்றிக்கொண்டு செல்வது அவர்களுக்கு இயல்பாகிறது.

எங்கள் உறையூர் நெசவுக்குப் பேர்போன ஊர். ஆகவே தறியையே உவமையாகச் சொல்கிறேன். நம் சங்கீதம் ஒற்றை இழையைக் கமகங்களால் மெருகேற்றுவது. சிம்பொனியோ பாவும் ஊடையுமாகப் பல இழைகளை ஒருங்கே நெய்வது. வில் வாத்தியங்கள், மரக்குழல்கள், பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள் என்னும் நான்கு வகையும் வெவ்வேறு சுரங்களை ஒரே கணத்தில் எழுப்புகின்றன. கோலேந்தி நிற்கும் நடத்துநர் தாம் ஓசை எழுப்பாமலே அவற்றை இணைக்கிறார்.

அன்று வாசித்தது பீதோவனின் ஐந்தாம் சிம்பொனி. 1808இல் வியன்னாவில் அரங்கேறியது. மூன்று குறில், ஒரு நெடில் போன்ற நான்கு சுரங்களே அதன் வித்து. முதற்பகுதி முழுவதும் அவ்வித்து எங்கெங்கே முளைக்கிறது என்று தேடிக் கேளுங்கள். இரைச்சல் என்று தோன்றியது ஒழுங்காக விரியும். பகுதிகளுக்கிடையே கைதட்டுவதில்லை, இறுதியில்தான் கரவொலி.

இவ்விசை நமக்கு அந்நியமன்று. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு சாகித்தியம் அமைத்தார். அவர் தம்பி பாலுசுவாமி பிடிலைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ஒலித்தது. ஆயினும் நம் நாட்டுக் குழுவிலேயே அயல்நாட்டு வாத்தியக்காரர் பலர் அமர்ந்திருக்கின்றனர். கேட்போர் பெருகினால் அன்றோ கற்போர் பெருகுவர்? அந்த வரிசையில் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் அமர்வதும் அமராததும் உங்கள் செவியிலிருந்தே தொடங்குகிறது.