படுத்தபடி சுழலும் யுரேனஸ்

1977 மார்ச் 10 இரவு, நள்ளிரவு கடந்த வேளை. வாணியம்பாடிக்கு அருகே, சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்காணகத்தின் ஒரு மீற்றர் தொலைநோக்கி துலா ராசிப் பக்கத்து மங்கலான நட்சத்திரம் ஒன்றை நோக்கியிருந்தது. யுரேனஸ் அந்த நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு கடக்கும் என்று கணித்திருந்தார்கள். ஆனால் எதிர்பாராத நேரத்தில் நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று குறைந்தது. சில நொடிகளில் மீண்டது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது என்று ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அதே இரவில் இந்து சமுத்திரத்தின் மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தில், ஜேம்ஸ் எலியட் குழுவினர் கோளின் இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் பல மங்கல்களைப் பதிவுசெய்தனர். ஒரு துணைக்கோளால் அப்படிச் செய்ய முடியாது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருந்தன! காவலூரில் பதிவானது அவற்றுள் தடித்ததான எப்சிலன் வளையம். சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்ற நெடுநாள் எண்ணம் அன்றோடு போயிற்று. இன்று யுரேனசுக்குத் தெரிந்த வளையங்கள் 13. அவற்றுள் பெரும்பாலானவை கரிபோல் இருண்டவை. காவலூரின் பங்கு நம் பிள்ளைகளின் பாடநூலில் இடம்பெற வேண்டிய செய்தி.

சூரியனிலிருந்து ஏறத்தாழ 287 கோடி கிலோமீற்றர் தொலைவிலுள்ள இக்கோளின் விட்டம் சுமார் 51,000 கிலோமீற்றர், பூமியினுடையதைப்போல் நான்கு மடங்கு. மேலே ஐதரசனும் ஈலியமும். கூடவே இருக்கும் மெதேன் சிவப்பொளியை உறிஞ்சிவிடுவதால் கோள் நீலப்பச்சையாகத் தெரிகிறது. வளிமண்டலத்தில் வெப்பநிலை மறை 224 பாகை செல்சியஸ் வரை இறங்கும். இதைப் பனிப் பெருங்கோள் என்பார்கள். ஆனால் பேலியகொடை மீன் சந்தையில் பெட்டிகளில் கொட்டும் ஐஸைப் போன்ற எதுவும் அதன் உள்ளே இல்லை. நீரும் அமோனியாவும் மெதேனும் பேரழுத்தத்தில் நெரிபட்டு, ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில், மின்சாரம் கடத்தும் அடர்ந்த பாய்மமாகக் கிடக்கின்றன.

என்னை அதிகம் ஈர்ப்பது அதன் சாய்வுதான். அச்சு 98 பாகை சரிந்திருப்பதால் யுரேனஸ் படுத்தபடி உருள்கிறது. ஆதியில் பெரிய பொருளொன்று மோதியதால் இப்படிச் சரிந்திருக்கலாம் என்பது பலரின் கருத்து. தன்னைத்தானே சுற்ற 17 மணித்தியாலம், சூரியனைச் சுற்ற 84 ஆண்டு. ஆகவே ஒவ்வொரு துருவத்திலும் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. அருகே சென்ற ஒரே விண்கலம் வொயேஜர் 2; அதுவும் 1986 ஜனவரியில் கடந்து போனதோடு சரி.

2026 நவம்பர் இறுதியில் யுரேனஸ் இரவு முழுவதும் வானில் இருக்கும். மழை விட்ட இரவொன்றில், நகர வெளிச்சம் குறைந்த இடத்திலிருந்து, கார்த்திகை மீன்கூட்டத்துக்கும் ரோகிணிக்கும் இடையே பைனோகுலரால் தேடிப் பாருங்கள்.