எந்தப் படத்துக்கு எந்தக் கத்தரி?

2020-ஆம் ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது, கொரியப் படமான 'பாரசைட்'. அதைத் தொகுத்தவர் யாங் ஜின்-மோ. அவர் கையாண்ட மென்பொருள் எது தெரியுமா? ஆப்பிள் கம்பெனி 2011-லேயே கைவிட்டுவிட்ட 'பைனல் கட் புரோ 7'! பழைய கத்தரிதான், ஆனால் பழகிய கத்தரி.

விலையைப் பார்த்து மென்பொருள் வாங்குவது வீண். வேலையைப் பார்த்தே வாங்க வேண்டும். வீட்டுக் குழந்தையின் பிறந்த நாள் படத்தை வெட்டி ஒட்ட மாதச் சந்தா எதற்கு? 'ஷாட்கட்' இலவசமாகவே கிடைக்கிறது. கல்யாணப் படத்தில் முகூர்த்தப் புடவையின் நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமா? நிறம் திருத்துவதில் பெயர் பெற்றது 'டாவின்சி ரிசால்வ்'. அதற்கும் இலவசப் பதிப்பு உண்டு; கம்ப்யூட்டர்தான் சற்று வலுவாக இருக்க வேண்டும். எழுத்தும் சித்திரமும் துள்ளும் விளம்பரத்துக்கு 'பிரீமியர்' ஏற்றது. அதற்குச் சந்தா கட்டியாக வேண்டும். பலர் கூடித் தொகுக்கும் முழுநீளப் படமா? அங்கே 'அவிட்'டுக்கு மதிப்பு அதிகம்.

தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞர், கடன்பட்டுச் சந்தா கட்டுமுன், இலவச மென்பொருளில் ஒரு சிறு படத்தை முழுதாகத் தொகுத்துப் பார்க்கட்டும். வேலை எங்கே முட்டுப்படுகிறதோ, அதற்குத்தான் காசு!