ஜவ்வு கிழிந்திருக்கிறதா?

முழங்கால் வலி என்று போனால் முதலில் எடுப்பது எக்ஸ்ரே. எலும்பு முறிவும், தேய்ந்து குறுகிப்போன மூட்டு இடைவெளியும் அதில் தெரியும். ஆனால் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவ ஜவ்வும், மூட்டை இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார்களும் தெரியாது. அவற்றைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும்.

இதில் எக்ஸ் கதிர் இல்லை. வலுவான காந்தமும் ரேடியோ அலையும்தான். 1.5 டெஸ்லா காந்தத்தின் புலம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலை நிலைபெயர்க்கும். அவை பழைய நிலைக்குத் திரும்புகையில் வரும் மெல்லிய சமிக்ஞையே படமாகிறது. இதைப் படமாக்கும் வழியை வகுத்த பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கொழுப்பின் வெண்மையை அடக்கி எடுக்கும் படங்களில் நீர் வெள்ளையாக விழும். நல்ல ஜவ்வும் தசைநாரும் கறுப்பாக இருக்கும். கொலாஜன் நார்கள் அங்கே நெருங்கிப் பின்னியிருப்பதால் சமிக்ஞை பதிவாவதற்குள் அணைந்துவிடுகிறது. கறுப்பு ஜவ்வுக்குள் ஒரு வெள்ளைக் கோடு ஓடி அதன் மேற்பரப்பைத் தொட்டால், அது கிழிசல். முன் சிலுவைத் தசைநார் அறுந்தவருக்குக் கறுப்புப் பட்டை இடையில் சிதைந்திருக்கும். கால் திருகியபோது எலும்போடு எலும்பு மோதிய இடத்தில், மஜ்ஜைக்குள் வெள்ளைத் திட்டும் தெரியும். எக்ஸ்ரேயில் அதே எலும்பு பழுதில்லாமல் தோன்றும்.

ஆனால் படத்தில் தெரியும் பழுதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயதுவரையிலான 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஜவ்வுக் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருந்ததில்லை! 2013-இல் வெளியான பின்லாந்து ஆய்வும் யோசிக்க வைக்கிறது. தேய்மானத்தால் வந்த கிழிசலை வெட்டிச் சீராக்கியவர்களும், கேமரா விட்டுப் பார்த்துவிட்டு வெட்டாமல் விடப்பட்டவர்களும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள்.

எனவே நடுவயதைக் கடந்தவர்கள் அறிக்கையில் ‘கிழிசல்’ என்று கண்டதுமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. மருத்துவர் காலை மடக்கி நீட்டி, எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்று பார்ப்பதோடு அந்தப் படம் பொருந்த வேண்டும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியிலேயே பலருக்கு வலி குறைகிறது. விளையாடும்போது ‘டப்’பென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினாலோ, மடக்கிய காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ கதை வேறு. அங்கே தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், அவர் சொன்னால் உடனே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.