மழை வருமான்னு பார்க்கவும் சந்தாவா? வானிலை ஆப்கள் காசு கேட்பது ஏன்?

குடை எடுக்கணுமா என்று பார்ப்பதற்குக்கூட சில வானிலை ஆப்கள் இப்போது விளம்பரத்தை விட்டுவிட்டு மாதச் சந்தா கேட்கின்றன. இலவசமாகக் கிடைத்ததற்கு ஏன் காசு?

உண்மையில் அது இலவசம் இல்லை. மழை நிலவரம் சொல்ல ஆப்புக்கு உங்கள் லொகேஷன் வேண்டும். விளம்பர நிறுவனங்கள் கேட்பதும் அதைத்தான். 'வெதர் சேனல்' ஆப் லொகேஷன் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதைப் பயனர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகர அட்டர்னி 2019-ல் வழக்கு தொடுத்தார். 2020-ல் அது சமரசத்தில் முடிந்தது.

சந்தா கட்டினால் விளம்பரம் போய்விடும். லொகேஷன் பகிர்வும் நிற்குமா? ப்ரைவசி பாலிசியைப் படித்துவிட்டு பணம் கட்டுங்க. போனில் லொகேஷன் அனுமதியை 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' என மாற்றிவையுங்க.

புயல், கனமழை எச்சரிக்கைக்குக் காசே வேண்டாம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' ஆப் 2020-ல் இருந்தே இலவசம்.