படம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

சங்கத்துச் சேலை விற்பனையாக வேண்டுமானால் அது பலர் கண்ணிற் பட வேண்டும். கண்ணிற் பட்ட சேலையோ களவு போகிறது. குடவாசல் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தைத் தணிக்கை செய்யச் சென்றபோது இதனை நேரிற் கண்டோம். புதிய முந்தானை ஒன்று தறியிலிருந்து இறங்கிய அன்றே அதனை விரித்துப் பிடித்துப் படமெடுத்து, கைப்பேசி வழியே வியாபாரிகள் பலருக்கும் அனுப்பிவிட்டனர். சில வாரங்களில் அதே முந்தானை விசைத்தறித் துணியிற் பாதி விலைக்கு வந்தது. வியப்பு யாதெனில், சங்கத்தார் எடுத்த படமே அச்சரக்குக்கும் விளம்பரமாக நின்றது!

இதில் இரு உரிமைகள் அடங்கியுள்ளன. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவரைச் சாரும். கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கூலி கொடுத்தவரைச் சாரும். ஆகையால் படக்காரரின் ரசீதைப் பத்திரப்படுத்துக. அங்கத்தினர் ஒருவர் தாமே எடுத்த படமாயின், உரிமையைச் சங்கத்துக்கு எழுத்து மூலம் மாற்றித் தரவேண்டும், வாய்ச்சொல் செல்லாது.

முந்தானையின் வடிவமைப்போ வேறு. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் அதனைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே வெளியான வடிவமைப்பு புதியதாகாது, பதிவும் கிடையாது. மேற்கூறிய சங்கத்தார் இழந்தது இதைத்தான். படத்தைப் பற்றி வழக்காடலாம். முந்தானையைப் பற்றி இயலவில்லை. முதலில் விண்ணப்பம், பிறகே விளம்பரம் என்ற வரிசை மாறலாகாது. விண்ணப்பத்தைச் சென்னைக் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்திலும் கொடுக்கலாம்.

நம் அண்டையிலுள்ள திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது போதாதா எனச் சிலர் வினவுகின்றனர். அக்குறியீடு ஊர்ப்பெயரைக் காக்குமேயன்றி ஒரு புட்டாவைக் காக்காது.

விளம்பரத்துக்குச் சிறிய அளவுப் படமே போதும்; பெரிய மூலப்படம் சங்கத்திலேயே இருக்கட்டும். சங்கப் பெயரைத் துணியின் நடுவே மெல்லிய எழுத்திற் பதிக்க வேண்டும். ஓரத்தில் இட்டால் கத்தரித்துவிடுவர். சேலையை மடித்துக் காட்டுக. கட்டத்தாளும் ஜக்கார்டு அட்டையும் படத்தில் விழலாகாது. தறியில் அமர்ந்திருப்பவரின் முகம் தெரிந்தால் அவரிடம் முன்னரே சம்மதம் பெறுதல் வேண்டும். நெல் சாகுபடி செய்வோரும் இதனைக் கவனிக்க. தாம் விதைக்காத விதைக்குத் தம் வயல் விளம்பரமாவதை யார் விரும்புவர்?

எந்தப் படம், யாருக்கு, எக்காரியத்துக்கு, எத்தேதியில் கொடுக்கப்பட்டது என ஒரு பதிவேடு வைப்பது நலம். அச்சங்கத்தில் இப்பொழுது அத்தகைய ஏடொன்று ரொக்கப் புத்தகத்தின் அருகிலேயே இருக்கிறது. சென்ற தணிக்கையில் அதில் 11 பதிவுகள் கண்டோம். இரண்டில் மட்டும் கையொப்பம் இல்லை.