காலண்டரும் பட்டாசும்

(‘குடும்பச் சுற்றுலா இனிப்பது திட்டத்தாலா? திடீர் உற்சாகத்தாலா?’ என்ற பட்டிமன்றத்தில் நடுவர் வழங்கிய தீர்ப்புரை)



இந்தத் தலைப்பை விருதுநகர்ச் சீமையிலே வச்சதுல ஒரு பொருத்தம் இருக்குங்க. நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குற காலண்டர் பெரும்பாலும் எங்கே அச்சாகுது? சிவகாசியிலே. தீபாவளிக்கு நாம வெடிக்கிற பட்டாசு எங்கே இருந்து வருது? அதே சிவகாசியிலே. காலண்டர்னா என்ன? இன்ன தேதி, இன்ன கிழமை, ராகு காலம் எப்போ, நல்ல நேரம் எப்போ... அம்புட்டும் முன்கூட்டியே திட்டம்! பட்டாசுன்னா என்ன? பத்த வச்சா படீர்! ஒரே ஊரு ரெண்டையும் பண்ணுது. (சிரிப்பு) அப்போ இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம். நான் எடுத்து விளக்குறேன், அவ்வளவுதான்.

திட்ட அணியில் பேசிய தங்கச்சி ஒரு கணக்குச் சொன்னாங்க. முன்பதிவு பண்ணாம விருதுநகர்ல ரயில் ஏறி, சென்னை வரைக்கும் ராத்திரி முழுக்கக் கழிப்பறை வாசல்லயே நின்னுக்கிட்டுப் போன குடும்பம். காலையில பொழுதுபோக்குப் பூங்காவுக்குள்ள நுழைஞ்சதும் அந்த வீட்டுக்காரர் முதல்ல எதுல ஏறினாராம்? பெஞ்சுல! ஏறிப் படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்திரிச்சாராம். (சிரிப்பு)

உற்சாக அணித் தம்பி விடுவாரா? “ஐயா, எங்க மாமா போடுற திட்டத்துல மூத்திரம் போறதுக்குக்கூட நேரம் குறிச்சிருப்பாரு. சாத்தூர்ல காராச்சேவு வாங்க வண்டிய நிறுத்தச் சொன்னா, லிஸ்ட்ல இல்லம்பாரு. சாத்தூரைத் தாண்டிப் போறவன் காராச்சேவு வாங்காமப் போனா அது சுற்றுலாவா, தண்டனையா?” அப்படின்னு கேட்டாரு. ரெண்டு பக்கமும் நீங்க கை தட்டினீங்க. ரெண்டுலயும் உண்மை இருக்கு.

முதல்ல திட்டத்தின் பக்கம் நின்னு பார்ப்போம்.

நாடெல்லாம் தீபாவளி கொண்டாடணும்னு மாசக்கணக்கா உழைக்கிறவங்க இந்த மண்ணின் பட்டாசுத் தொழிலாளர்கள். அவங்களுக்கு நீண்ட விடுமுறை எப்போ? நமக்கெல்லாம் தீபாவளி முடிஞ்ச பிறகு! ஆலை அடைச்சதும் கையில போனஸ் பணம் இருக்கும். வேன் பிடிச்சுக் கிளம்புறாங்க. ஆனா அப்பா அம்மாவுக்கு லீவு விடும்போது பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துடுது. அப்போ மிச்சம் இருக்கிறது சனி, ஞாயிறு. அன்னைக்குத்தான் பூங்காவிலே கூட்டம் அலைமோதும். வருஷத்துக்கு ஒரே ஒரு பயணம். அது வீணாப்போனா அடுத்த தீபாவளி வரைக்கும் காத்திருக்கணும். ‘போய்ப் பார்த்துக்கலாம்’னு அவங்க எப்படிங்க கிளம்ப முடியும்?

அதோட, பூங்காவுக்குன்னு சில சட்டதிட்டம் இருக்கு. தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணியோட போனா பல இடங்கள்ல விடமாட்டாங்க, நைலான் மாதிரித் துணி வேணும். பெரிய ராட்டினங்கள்ல இத்தனை உயரம் இருந்தால்தான் ஏறலாம்னு வாசல்ல அளவுகோல் வச்சிருப்பாங்க. இருதய நோய் உள்ளவங்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது. இதெல்லாம் தெரியாம ஆறு வயசுப் பையனுக்கு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனா, அளவுகோல் பக்கத்துல நின்னு அவன் அழுவான். நாலு விரற்கடை வளர்ந்து வாடான்னு எப்படிச் சொல்றது?

சரி, அப்போ எல்லாத்தையும் திட்டம் போட்டா இனிச்சிடுமா? இங்கேதான் ஒரு உலகக் கதை சொல்லணும்.

இந்தப் பூங்காக்களுக்கெல்லாம் பெரியண்ணன் அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்து டிஸ்னிலேண்ட். வால்ட் டிஸ்னி பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டு, ஒரே வருஷத்துல கட்டி, 1955 ஜூலை 17-ஆம் தேதி திறந்தாரு. என்ன ஆச்சு? போலி டிக்கெட்டோட ஆயிரக்கணக்கான பேர் உள்ளே புகுந்துட்டாங்க. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால குடிதண்ணீர்க் குழாய் போதலை. அன்னைக்கு அடிச்ச வெயில்ல புதுசாப் போட்ட தார் இளகி, அம்மாமார் செருப்புக் குதிகால் தரையில புதைஞ்சு போச்சு! அவ்வளவு பெரிய மனுஷன் போட்ட திட்டத்துக்கே முதல் நாள் அந்தக் கதின்னா, நீங்களும் நானும் ராத்திரி டயரியில எழுதுற திட்டம் எம்மாத்திரம்?

பிறகு அவங்க திருத்திக்கிட்டாங்க. 1999-இல் வரிசையில நிற்காம, முன்கூட்டி நேரம் குறிச்ச சீட்டு வாங்கிட்டு வந்து ஏறுற முறையைக் கொண்டுவந்தாங்க. நல்ல ஏற்பாடுதான். இப்போ அதையெல்லாம் செல்போன்லயே செய்யலாம். விளைவு? வரிசையில நின்ன கால் தப்பிச்சது, செல்போனைப் பார்க்குற கண்ணு மாட்டிக்கிச்சு! பிள்ளை “அப்பா, அங்கே பாரு யானை பொம்மை”ங்குது. அப்பா, “இரு, நமக்கு 2.40-க்கு நேரம் போட்டிருக்கான்”ங்கிறார். (சிரிப்பு)

சிரிச்சுட்டீங்க. இந்தத் தப்பை நான் பண்ணியிருக்கேன். சொல்லிடுறேன்.

எங்கம்மா தீப்பெட்டி ஒட்டி என்னைப் படிக்க வச்சவங்க. தீப்பெட்டிக் கணக்கு உங்களுக்குத் தெரியும், குரோசுக் கணக்கு. 144 பெட்டி சேர்ந்தா ஒரு குரோசு. ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்துல அவங்க விரல் ஒட்டும், வாய் எண்ணும். நான் வேலைக்கு வந்து, 2004-ஆம் வருஷம் மே மாசம், சென்னையில கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பூங்காவுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போனேன். முனைவர் பட்டம் வாங்கினவன் போட்ட திட்டம் எப்படி இருக்கும்? எந்த நேரத்துக்கு எந்த விளையாட்டுன்னு ஒரு முழுத் தாள். மொத்தம் பதினொன்று.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நீரூற்று ஓரமா அம்மா உட்கார்ந்தாங்க. காலைத் தண்ணியில வச்சுக்கிட்டு, யார் வீட்டுப் பிள்ளைகளோ நனைஞ்சு ஓடுறதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. “தம்பி, இன்னும் செத்த நேரம் இங்கேயே இருப்போமாப்பா?”ன்னு கேட்டாங்க. நான் தாளைப் பார்த்தேன். “இல்லம்மா, 3.20-க்கு அடுத்தது இருக்கு, எந்திரிங்க”ன்னேன். மறுபேச்சு இல்லாம எந்திரிச்சு, சேலைக் கரையைப் பிழிஞ்சுக்கிட்டுப் பின்னாலேயே வந்தாங்க.

பதினொன்றையும் முடிச்சுட்டேன். வெற்றி! திரும்பி வரும்போது என் மக கேட்டா, “அப்பத்தா, உனக்கு எது ரொம்பப் பிடிச்சது?” அம்மா சொன்னாங்க, “அந்தத் தண்ணி.” என் தாள்லே தண்ணின்னு ஒண்ணு இல்லவே இல்லைங்க. அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போய் நாள் முழுக்க உட்கார வைப்போம்னு நினைச்சேன். அடுத்த வருஷம் அம்மா இல்லை.

வாழ்நாள் பூரா எண்ணிக்கிட்டே இருந்த ஒரு மனுஷி, எண்ணாம உட்கார்ந்த ஒரு அரைமணி நேரத்தை நான் பிடுங்கிட்டேன். இதை நான் எத்தனை மேடையில சொன்னாலும் ஆறாது.

அப்போ திட்டமே வேண்டாமா? குற்றாலத்துக்குச் சீசன்ல போனவங்களைக் கேளுங்க. மேலே மலையில மழை கொட்டினா மெயினருவியில வெள்ளம் பெருக்கெடுக்கும், குளிக்கத் தடை போட்டுடுவாங்க. விவரம் தெரிஞ்ச குடும்பம், இது இல்லேன்னா ஐந்தருவி, அதுவும் இல்லேன்னா புலியருவின்னு விசாரிச்சுக்கிட்டுப் போகும். எதையுமே யோசிக்காம போன குடும்பம் கடைவீதியில நின்னு, “உன் பேச்சைக் கேட்டு வந்தேன் பாரு”ன்னு ஒருத்தரை ஒருத்தர் வார்த்தையால குளிப்பாட்டிக்கும். (சிரிப்பு)

தமிழ் படிச்சவன் நான், கம்பனிடம் போகாம இருக்க முடியுமா? 1995-இல் தாம்பரம் பக்கம் ஒரு பூங்கா திறந்தாங்க. அதுக்கு வச்ச பேரு கிஷ்கிந்தா. குரங்குகள் ஆட்டம் போட்ட ஊரு, பொருத்தமான பேருதான்! ஆனா அந்தக் கிட்கிந்தையிலதான் இந்த வழக்குக்கு விடை இருக்கு. சீதையைத் தேடச் சுக்கிரீவன் படையை நாலு திசைக்கும் பிரிச்சு அனுப்புறான். இந்தத் திசைக்கு இன்னார், ஒரு மாசம் கெடு. அது திட்டம். தெற்கே வந்த அங்கதன் கூட்டம் ஒரு பிலத்துக்குள்ள மாட்டிக்கிட்டு நாளைத் தொலைச்சுடுது. கெடு முடிஞ்சு போச்சு. இனி உயிரை விடுறதுதான் வழின்னு கடற்கரையில உட்கார்ந்து சடாயுவைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க. தம்பி பேரு காதுல விழுந்து சம்பாதி வர்றான், சீதை இலங்கையில இருக்கிற சேதி கிடைக்குது. சம்பாதி யாரோட திட்டத்துலயும் இல்லை! ஆனா ஒண்ணு கவனிக்கணும். தெற்கே போங்கன்னு திட்டம் போட்டு அனுப்பலேன்னா, சம்பாதி இருந்த இடத்துக்கு அவங்க வந்தே இருக்க மாட்டாங்க. திட்டம் அவங்களை அந்தக் கரைவரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதுக்கு மேலே கிடைச்சது, தேடி எடுத்தது இல்லை, தேடி வந்தது. (கைதட்டல்)

இதை உங்க தொழில்லயே சொல்றேன். ஒரு பூச்சட்டியை எடுத்துக்குங்க. மருந்தை எடை போடுறதுல விளையாட்டு உண்டா? ஒரு அறையில இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளின்னு விதி இருக்கு. அதை மீறினா என்ன ஆகும்னு 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டியில பறிகொடுத்த இந்த மாவட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரி வைக்கிற வரைக்கும் எல்லாம் கணக்கு. திரியில நெருப்பை வச்சப்புறம்? எந்தப் பொறி எந்தப் பக்கம் விழணும்னு யாராவது லிஸ்ட் போடுறோமா? அண்ணாந்து பார்க்குறோம், அவ்வளவுதான்.

சுற்றுலாவுக்கும் அதே சூத்திரம். எதைப் பத்தி யோசிச்சாலும் ஒரு கேள்வி கேளுங்க: ‘இது தவறிப்போனா அங்கே போய்ச் சரிபண்ண முடியுமா?’ முடியாதுன்னா வீட்டுலயே முடிவு பண்ணிடுங்க. முடியும்னா அங்கே போய்ப் பார்த்துக்கலாம்.

சரிபண்ண முடியாதது எது? போற நாள், போக வர டிக்கெட், கையில இருக்கிற பணம். பெரியவங்க போடுற பிரஷர், சுகர் மாத்திரை. எந்தப் பிள்ளை எதுல ஏறலாம்ங்கிற உயரக் கணக்கு. கூட்டத்துல பிரிஞ்சா எல்லாரும் வந்து சேர வேண்டிய இடம். சின்னப் பிள்ளைச் சட்டைப்பையில போன் நம்பர் எழுதின சீட்டு. இதுல உற்சாகம் வேலைக்கு ஆகாது.

சரிபண்ண முடிஞ்சது எது? எதுல முதல்ல ஏறுறது, எதை விட்டுடுறது, எங்கே உட்கார்றது, எப்போ ஐஸ்கிரீம். ஆளுக்கு ஒரே ஒரு ஆசை கேட்டு வச்சுக்குங்க. தாத்தா பாட்டியையும் கேளுங்க. கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி, காலையில வாசல் திறந்ததும் உள்ளே போயிட்டா, அந்த ஆசைகளை முதல்ல முடிச்சிடலாம். மத்தியானத்துக்கு மேல ஒரு மணி நேரத்தைச் சும்மா விடுங்க. அந்த ஒரு மணி நேரத்துல பேரன் தூங்கலாம், அத்தையும் மதினியும் ஊர்க்கதை பேசலாம், யாராவது தண்ணியில கால் நனைக்கலாம். பார்க்காம விட்டது நாலு இருக்கேன்னு வருத்தப்படாதீங்க. அடுத்த வருஷம் வர்றதுக்குக் காரணம் வேணுமில்ல?

ஆளுக்குப் பாதின்னு பங்கு வச்சுட்டு நழுவுறேன்னு நினைக்காதீங்க. தலைப்பு என்ன? இனிப்பது எதனால்? திட்டம் அலைச்சலைக் குறைக்கும், ஆபத்தைத் தடுக்கும், காசைக் காப்பாத்தும். ஆனா திரும்பி வந்து பத்து வருஷம் கழிச்சு நாம பேசுறது எதைப் பத்தி? திட்டத்துல இல்லாததைப் பத்தித்தான். ஆகவே, சுற்றுலா இனிப்பது திடீர் உற்சாகத்தாலேயே. அந்த உற்சாகத்துக்கு இடம் விட்டு வைப்பதே நல்ல திட்டம் என்று தீர்ப்பளிக்கிறேன். (கைதட்டல்)

காலண்டரைப் பார்த்து நாள் குறிங்க. போன இடத்துல வீட்டுப் பெரியவங்க யாராவது, “இன்னும் செத்த நேரம் இருப்போமா?”ன்னு கேட்டா, கையில இருக்கிற தாளை மடிச்சுப் பையில வச்சுட்டு, பக்கத்துல உட்காருங்க.